பயத்துக்கு உரிமையாளர் புவனேசன்

பீடோங்கில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். அதில் பெரும்பகுதி ஒரே குழுமத்துக்குச் சொந்தம். குழுமத்தின் பெயரை நான் சொல்வதாக இல்லை. சொன்னால் என்னையும் தேடிப் பிடித்து, எனக்குள்ளும் ஒரு தனித்திறனைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற மனிதன், அதை வைத்துக்கொண்டு எங்கே போவேன்?

அப்பேர்ப்பட்ட குழுமத்துக்கு ஒருநாள், தன் ஊழியர்களுக்குள் ஏராளமான ஆற்றல் தூங்கிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி எட்டியது. வேலை நேரத்தில் தூங்கும் எதையும் குழுமம் விட்டுவைத்ததில்லை. உடனே 'ஆற்றல் மலர்ச்சிப் பிரிவு' பிறந்தது. தோட்டத்து மருந்தகத்தைக் காலி செய்து அதற்கு இடம் கொடுத்தார்கள். காய்ச்சல்காரர்கள் ஒர்க்‌ஷாப் நிழலுக்கு மாறினார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாமரை நின்றது. யாராவது கிட்டே போனால் தானாக இதழ் விரித்து, "நீங்கள் அபூர்வமானவர்" என்று மூன்று மொழிகளில் சொன்னது. மழைக்கு ஒதுங்கிய நாயிடமும் சொன்னது.

பிரிவின் இயக்குநராக முனைவர் லோகேஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கினார். தன்முனைப்புப் பேச்சாளர். எதில் முனைவர் பட்டம் என்று கேட்ட ஒருவரிடம், "கேள்வி கேக்கிறதுதான் உங்க திறனா? பதிஞ்சிக்குங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தோட்டத்து டேவானில், அதாவது பொது மண்டபத்தில், எல்லாரையும் உட்காரவைத்து அவர் ஆற்றிய முதல் உரையை இன்னும் சிலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

"அன்பர்களே! உங்க ஒவ்வொருத்தர் உள்ளேயும் ஒரு யானை தூங்குது. அதைத் தட்டி எழுப்புங்க! எழுந்த யானையைக் கம்பெனி விதிமுறைப்படி சங்கிலி போட்டுக் கட்டுங்க! கட்டுன யானையை எங்கிட்ட பதிஞ்சிடுங்க! ஒருத்தருக்கு ஒரு திறன். ஒரு திறன் ஒருத்தருக்கு மட்டும். ஒரே சட்டையை ரெண்டு பேர் போட முடியுமா? முடியாது. அதே மாதிரிதான். பதிஞ்ச திறனை வேலை நேரத்துல வேற யாரும் தொடக்கூடாது. தொட்டா அது திருட்டு. இங்க யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. பதியாதவங்க மட்டும் பாலிங்ல இருக்கிற மறுமலர்ச்சி இல்லத்துக்குப் போவாங்க."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மொட்டாகக் குவித்து, தலைக்கு மேலே விரித்து, "மலர்ந்தேன்!" என்று கத்தினார். எல்லாரும் கத்த வேண்டும். கத்தினார்கள். பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. அதற்குக் குரல்வளம் என்று அங்கேயே பதிந்துவிட்டார்கள். அன்றோடு தோட்டத்துக் கோயில் பஜனைக் குழு கலைந்தது.

இந்தக் கதை புவனேசனைப் பற்றியது. லோரி நிறுக்கும் மேடையில் அவர் கிராணி, எடைக் கணக்கு எழுதுபவர். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால் ஒருமுறை நிறுப்பார். இறக்கிவிட்டு வெறுமனே திரும்பினால் மறுபடி நிறுப்பார். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பார். பல வருடங்களாகக் கழித்துக் கழித்தே, தன்னிடம் எதையும் கூட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததில்லை. திறன் பதியும் நாளன்று அவர் கோத்தா கோலா மூடாவில், மூடா ஆறு கடலில் விழும் இடத்தில், ஈர வேட்டியோடு நின்றிருந்தார். பெரியப்பாவின் அந்தியேட்டி. யாழ்ப்பாணத்தார் முப்பத்தோராம் நாள் செய்யும் காரியம். அதை ஒத்திவைக்க முடியாது. பெரியப்பா உயிரோடு இருந்தபோதும் வேண்டாத நேரத்தில்தான் கூப்பிடுவார்.

மறுநாள் வேலைக்கு வந்தவரைக் கணக்குப் பிரிவு பிரேமாவதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எங்க போனீங்க? நல்லதெல்லாம் முடிஞ்சிருச்சி லா."

"என்ன முடிஞ்சிருச்சி?"

"திறன் அண்ணே. நேர்மையை ஸ்டோர் தர்மலிங்கம் எடுத்துட்டாரு."

"தர்மலிங்கமா?"

"விடியறதுக்கு முன்னாலயே வந்து மொத ஆளா நின்னாராம்."

ஸ்டோரில் உரமூட்டை குறைகிறது என்று அதுவரை முணுமுணுத்தவர்கள் அன்றோடு வாயை மூடினார்கள். அதைப் பேச நேர்மை வேண்டும். அது தர்மலிங்கத்திடம் இருந்தது.

"நேரந்தவறாமை டிராக்டர் சுமனுக்கு. இரக்கம், சம்பளம் வெட்டுற ஆபிசருக்கு. எனக்குப் பொறுமை. லேசுல கிடைக்கல. முன்னால நின்னவளைப் பிடிச்சித் தள்ளிட்டுத்தான் வாங்குனேன்."

புவனேசன் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

சற்று நேரத்தில் ஒரு லோரிக்காரர் எடை குறைகிறது என்று மேடையில் நின்று கத்தினார். வழக்கம்போல் புவனேசன் அவர் கத்தி முடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தார். தாமரைக் கட்டடத்திலிருந்து தாரா என்ற இளம் அதிகாரி கையில் டேப்லட்டோடு வேகமாக வந்தாள்.

"அங்கிள், இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையேம்மா. சும்மா இருந்தேன்."

"அது பொறுமை. பிரேமாவதி அக்காவோடது. இது உங்களுக்கு எச்சரிக்கை."

"அப்ப நான் என்னம்மா செய்யணும்?"

"கத்துங்க."

"எனக்குக் கத்த வராதே."

"வராதுன்னா அவரை அக்காகிட்ட அனுப்புங்க. அவங்க பொறுத்துக்குவாங்க."

அன்று முதல் பொறுக்க வேண்டிய ஆள்களெல்லாம் கணக்குப் பிரிவு வாசலில் வரிசையாக நின்றார்கள். பிரேமாவதி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பொறுத்து அனுப்பினாள். காலையில் வேலைக்கு நேரத்தோடு வந்தவர்கள் வேலிக்கு வெளியே ஒளிந்து நின்றார்கள். நேரந்தவறாமையின் உரிமையாளர் சுமன் வந்து சேர்ந்த பிறகுதான் மற்றவர்கள் தாமதமாக உள்ளே வரலாம். சுமன் பசியாறிவிட்டு, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று குடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு வருவான். குலைகள் லோரியிலேயே அழுகின. அதை நிர்வாகி பாராட்டி, விதிமுறை வேர் பிடித்துவிட்டது என்றார்.

இதெல்லாம் புவனேசனுக்கு விளையாட்டாக இருந்திருக்கும், சத்தியசீலன் மட்டும் திரும்பி வராமல் இருந்திருந்தால்.

சத்தியசீலன் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர். என்ஜினைத் திட்டித் திட்டியே ஓடவைப்பவன். உன் திறன் என்ன என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை டேப்லட் ஏற்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளை வேன் வந்து அவனைப் பாலிங்குக்கு, 'மறுமலர்ச்சி இல்ல'த்துக்கு, ஏற்றிக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் கொண்டுவந்து இறக்கியது. புவனேசன் பார்க்கப் போனபோது சத்தியசீலன் ஒரு டிராக்டரின் அடியில் குனிந்திருந்தான். கனத்த ஸ்பேனர் ஒன்று நழுவி அவன் கால் பெருவிரலில் விழுந்தது. புவனேசன் காதைப் பொத்திக்கொண்டார்.

"நன்றி" என்றான் சத்தியசீலன்.

"யாருக்குப்பா?"

"ஸ்பேனருக்கு அண்ணே. அது எனக்குக் கத்துக் கொடுக்குது."

நகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வாய்தான் சிரித்தது. கண்கள், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து சன்னல் வழியே பார்ப்பவனுடையவை போல் இருந்தன.

"சீலா, அங்க என்னப்பா செஞ்சாங்க?"

சிரிப்பு மாறவே இல்லை. "ரொம்ப அன்பா இருந்தாங்க அண்ணே" என்று மட்டும் சொன்னான்.

அன்று மாலை வீட்டில் அவர் மனைவி சுகந்தினி மீன் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள். சுகந்தினியின் வாயில் யாழ்ப்பாணத் தமிழ் இன்னும் உயிரோடு இருந்தது.

"இஞ்சேருங்கோ, பசாரில அன்பரசியைக் கண்டனான். சத்தியசீலன்ட மனிசி. பாவம், கோழிக் கடையிலயே நிண்டு அழுதது. அவர் நித்திரையிலயும் சிரிக்கிறாராம். இருட்டில பல்லு மட்டும் தெரியுதாம். பக்கத்தில படுக்கப் பயமாம். கட்டில் விளிம்பில முழிச்சுக்கொண்டே கிடக்கிறாளாம்."

புவனேசன் சோற்றில் கை வைத்தபடி இருந்தார். பாலிங் அவருக்குத் தெரியாத ஊரில்லை. ஒன்றுவிட்ட தங்கையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. வேனும் பயமில்லை. அவர்கள் தன்னை அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தார். ஆனால் தான் சிரித்துக்கொண்டு தூங்க, சுகந்தினி கட்டில் விளிம்பில் விழித்துக் கிடக்கும் படம் ஒன்று மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நிலைக்கண்ணாடி முன் போய் நின்று, தன் வாய் தன் பேச்சைக் கேட்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

பதியாமல் மிச்சமிருந்தவர்களைத் தாரா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"அங்கிள், நீங்க ஒரு மிருகமா இருந்தா என்ன மிருகம்?"

"கண்டிப்பா மிருகமா இருக்கணுமாம்மா?"

"இருந்தாத்தான் அடுத்த கேள்வி வரும்."

"அப்ப... மாடு."

"மாடு முடிஞ்சிருச்சி. சிங்கம் மேனேஜர். புலி அவரு மச்சான். குள்ளநரிக்கு மட்டும் யாரும் வரல. ஆனா அதை மேலிடத்துக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கு."

"எனக்குக் காது ஆட்ட வரும்மா."

"மண்டோர் உமாசங்கர் ஆட்டுறாரு."

"ஓடு விழாமத் தேங்காய் துருவுவேன்."

"கேன்டீன் ஞானம்மா."

"பேசாம இருப்பேன்."

தாரா நிமிர்ந்து அவரை வருத்தத்தோடு பார்த்தாள். "அதை நாங்க திறனா எடுத்துக்கிறது இல்ல அங்கிள். அது எல்லாருக்கும் நாங்க கொடுக்கிற பயிற்சி."

டேப்லட் சிவந்து, 'பொருத்தம் இல்லை' என்றது. வெளியே வந்தபோது வாசலில் இருந்த தாமரை, "நீங்கள் அபூர்வமானவர்" என்றது. புவனேசனுக்கு முதுகில் வேர்த்தது.

கடைசி வாய்ப்பாக ஒரு நேர்காணல். நீள மேசைக்குப் பின்னால் லோகேஸ்வரன், நிர்வாகி, டேப்லட்டோடு தாரா. சன்னலுக்கு வெளியே வெள்ளை வேன், என்ஜினை அணைக்காமல் நின்றது.

"புவனேசன்," லோகேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "கண்ணை மூடுங்க. உங்க உள்ளே எட்டிப் பாருங்க. என்ன தெரியுது?"

அவர் நேர்மையாகவே பார்த்தார். அது தர்மலிங்கத்தின் சொத்து என்பது அப்போது நினைவில் இல்லை.

"பயமா இருக்கு சார்."

"அதைத் தள்ளி வச்சிட்டுப் பாருங்க."

"அது மட்டுந்தான் சார் இருக்கு. அடிவரைக்கும் அதுதான்."

நிர்வாகி வேனைப் பார்த்துத் தலையாட்டினார். தாரா டேப்லட்டைத் தடவிக்கொண்டே இருந்தவள், "சார், ஒரு நிமிஷம்" என்றாள். "பயத்தை இன்னும் யாரும் எடுக்கல."

"எடுக்கலையா? இவ்வளவு பேர்லயா?"

"எல்லாரும் தைரியம்தான் சார் கேட்டாங்க. தைரியத்துக்கு நின்ன வரிசையில ரெண்டு பேர் மயக்கமே போட்டாங்க. பயத்துக்கு ஒருத்தரும் வரல."

லோகேஸ்வரனின் முகம் மெதுவாக மலர்ந்தது. எழுந்து வந்து புவனேசனைக் கட்டிக்கொண்டார். "பாத்தீங்களா மேனேஜர்? நான் வந்து சேர்ந்த பிறகு இந்தக் குழுமம் முழுக்கத் தேடினாலும் பயப்படுற மனுஷன் ஒரே ஒருத்தர்தான். என் பிரிவுக்கு இதைவிட என்ன சான்று வேணும்?"

இவ்விதமாகப் பயம் புவனேசனின் பெயரில் பதிவானது. மற்ற யாரும் இனி வேலை நேரத்தில் பயப்படக்கூடாது.

இதைக் கொண்டாட டேவானில் விழா எடுத்தார்கள். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வழக்கப்படி தாமதமாக, உறுமி மேளத்தோடு வந்தார். புவனேசனுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மேடை நடுவில் நிறுத்தினார்கள். முதல் வரிசையில் சுகந்தினி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். இனி பாலிங் இல்லை. இனி தன் வாய் தன்னுடையதாகவே இருக்கும். புவனேசனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"இப்ப," என்று லோகேஸ்வரன் மைக்கில் அறிவித்தார், "நம்ம புவனேசன் டத்தோ முன்னிலையில பயந்து காட்டுவாரு!"

கைதட்டல் எழுந்து அடங்கியது. புவனேசன் முயன்று பார்த்தார். முகத்தைச் சுளித்தார். தோளைக் குறுக்கினார். ஒன்றும் வரவில்லை. நிம்மதியான ஒரு மனிதன் வயிற்று வலிக்காரனைப் போல் நடித்துக்கொண்டிருப்பது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. டத்தோ கடிகாரத்தைப் பார்த்தார்.

லோகேஸ்வரன் புன்னகை மாறாமல் அவர் காதருகே குனிந்தார். "வரலையா? அப்ப பதிவை ரத்து பண்ணிடறேன். வேன் வெளியிலதான் நிக்குது."

புவனேசனின் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மாலையிலிருந்து பூக்கள் உதிர்ந்தன. பற்கள் தந்தியடித்த சத்தத்தை மைக் வாங்கி டேவான் முழுக்கக் கொடுத்தது. கூட்டம் எழுந்து நின்று, "மலர்ந்தேன்!" என்று முழங்கியது. டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட இயல்பான ஆற்றலை நம் சமுதாயத்தில் தான் கண்டதில்லை என்றார். சுகந்தினி மட்டும் கைதட்டவில்லை. எழுந்து நிற்கவும் இல்லை.

அந்த மேடையில் லோகேஸ்வரன் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் புவனேசனை அழைத்து, நாற்காலி கொடுத்து, மைலோ வரவழைத்துப் பேசினார்.

"ஒரு ஊழியரோட திறன் வாடிடக் கூடாது. அதுக்குத் தண்ணி ஊத்தி வளர்க்க வேண்டியது நிர்வாகத்தோட கடமை. நீங்க நிம்மதியா இருந்தா உங்க திறன் செத்துடும். உங்களை அந்த நிலைமைக்கு நாங்க விடமாட்டோம். இது எங்க வாக்குறுதி."

வாக்குறுதியைக் காப்பாற்றினார்கள். திங்கட்கிழமைதோறும் வெள்ளை வேன் லோரி மேடைக்கு எதிரே வந்து நிற்கும். ஓட்டுநர் வசந்தன் கதவை இழுத்துத் திறப்பான். உள்ளே இருட்டாக இருக்கும். இந்தத் தடவை உண்மையாகவே ஏற்றப்போகிறார்களா இல்லையா என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் பயன் போய்விடும். தாரா அவர் மணிக்கட்டில் நடுக்கம் அளக்கும் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, டேப்லட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். போதிய அளவு நடுங்கியதும் கதவு மூடும்.

"இந்த வாரம் ரொம்ப நல்லாப் பண்ணீங்க அங்கிள்" என்பாள்.

ஒரு திங்களன்று பாலிங் வழியில் இருக்கும் கோலக் கெட்டில் வரைக்கும் ஏற்றிக்கொண்டே போய், அங்கே ஒரு சமிக்ஞை விளக்கில் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அன்று பட்டை அளவு தாண்டிப் பீப்பீ என்று கத்தியது. அதைச் சாதனை என்று அறிவித்து, மத்தியானம் கேன்டீனில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. பயப்பட அனுமதி இல்லாதவர்கள் பயத்தை என்ன செய்வார்கள்? புவனேசனிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

"அண்ணே, நாளைக்கு ஆடிட் வருது. எனக்காகக் கொஞ்சம் பயந்துக்குங்க" என்றாள் பிரேமாவதி.

பிரேக் பிடிக்காத லோரிக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "பாஸ், பாலிங் மேட்டு ரோடு. நீங்க பயப்படுங்க, நான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு உல்லாசமாகப் போனார். கேன்டீன் ஞானம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மார்பில் ஒரு கட்டி. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்தார்கள்.

"கேட்டா நான் சிரிச்சிக்கிட்டேதான் போனேன்னு சொல்லுங்க தம்பி. மத்ததை இங்க வச்சிட்டுப் போறேன்."

அவள் போன பிறகு மேடையில் ஏறிய லோரிகளைப் புவனேசன் நிறுக்க மறந்தார். லோரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியாக ஒரு ஞாயிறன்று லோகேஸ்வரனே வந்தார். எங்கள் பக்கத்தில் அதுவும் வேலை நாள்தான். கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டே பேசினார்.

"ஐயா..." இதுவரை அவர் புவனேசனை ஐயா என்றதில்லை. "தலைமையகத்துல இருந்து பாக்க வராங்க. எல்லாருக்கும் திறன் கொடுத்தேன். பேசிப் பேசியே என் பேர்ல ஒண்ணைப் பதிய மறந்துட்டேன். இப்பப் பாத்தா ஒண்ணும் மிச்சம் இல்ல. பேச்சுத் திறமை கூட அந்தப் பிளாஸ்டிக் தாமரை பேர்ல இருக்கு. தெரிஞ்சா என்னையும்... நீங்க எனக்காகக் கொஞ்சம் கூடுதலாவே பயப்படணும்."

"சரி சார்" என்றார் புவனேசன். வேறு என்ன சொல்வது? அவருக்கு அதுதான் வேலை.

அன்று வீட்டுக்குப் போனவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். தோட்டம் முழுவதும் சிரித்துக்கொண்டு தூங்கப் போக, அத்தனை பேருடைய நடுக்கமும் அவர் ஒருவர் கையில் இருந்தது. தண்ணீர்க் குவளை உதட்டுக்குப் போய்ச் சேரவில்லை. சுகந்தினி குவளையை வாங்கி, தானே பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"நாளைக்குத் திங்களல்லோ?" என்றாள்.

"ஓம்."

"உங்களுக்கு எதுக்குப் பயம்? உள்ளதைச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். "நான் மாறி வந்தா, நீ என்னைக் கண்டு பயந்துபோவாய் எண்டு."

சுகந்தினி எழுந்து அறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை வேன் வந்து நின்றபோது, லோரி மேடை அருகே புவனேசனோடு சுகந்தினியும் நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை, டிபன் கேரியர். தாரா பட்டையைக் கட்டினாள். வசந்தன் கதவைத் திறந்தான்.

"ஆன்ட்டி, நீங்க தள்ளி நில்லுங்க. இது அங்கிளோட பயிற்சி."

"நானும் போறன் பிள்ளை."

"எங்க?"

"பாலிங்குக்கு. ரெண்டு பேரையும் சேர்த்து மாத்துங்கோ. சிரிக்கிறதெண்டா ஒண்டாச் சிரிப்பம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இளிச்சுக்கொண்டு படுத்தா ஆரைக் கண்டு ஆர் பயப்பிடுறது?" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து வேனில் ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்தாள். "வாங்கோ, கத்தரிக்காய்க் குழம்பு வச்சிருக்கிறன். சூடு ஆறும்."

புவனேசன் இருட்டாக இருந்த அந்தக் கதவைப் பார்த்தார். உள்ளே சுகந்தினி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள். அவர் தனக்குள் தேடிப் பார்த்தார். குலையை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லோரி மேடையில் ஏறியது போல் இருந்தது. ஏறி உட்கார்ந்தார்.

"அங்கிள், எறங்குங்க! பட்டை ஒண்ணுமே காட்டல!"

"போலாம்ப்பா" என்றார் புவனேசன் ஓட்டுநரிடம்.

வசந்தன் திரும்பிப் பார்த்தான். அவன் நெற்றி வேர்த்திருந்தது. "அண்ணே, எனக்குக் கதவைத் திறந்து மூடத்தான் சொல்லியிருக்காங்க. தானா ஏறுற ஆளை என்ன செய்யிறதுன்னு யாரும் சொல்லல லா."

"ரோடு தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப ஓட்டு."

தாமரைக் கட்டடத்திலிருந்து லோகேஸ்வரன் ஓடிவந்தார். ஒரு காலில்தான் சப்பாத்து இருந்தது. வேனின் முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து மறித்தார்.

"ஐயா, எறங்குங்க! நாளைக்குத் தலைமையகத்துலேருந்து வராங்க. உங்களை நம்பித்தான் நான்... நீங்க பயப்படலைன்னா அத்தனையும் யாரு பார்த்துக்குவா? ஐயா, தயவுசெஞ்சி. கொஞ்சமா. ஒரு துளி பயந்துட்டு எறங்கிடுங்க!"

புவனேசன் அவரைப் பார்த்தார். அவருக்கு இரக்கம்கூட வந்தது. அது யார் பெயரில் இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. "எனக்கு வரல சார்" என்றார்.

லோரி மேடை ஓரத்தில் ஆள்கள் கூடிவிட்டார்கள். பிரேமாவதி கணக்குப் பிரிவு வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கேன்டீன் கதவருகே ஞானம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பல நாள்களுக்குப் பிறகு, எல்லார் முன்னாலும் அழ ஆரம்பித்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. வேன் மெல்லப் பின்னால் போய், லோகேஸ்வரனைச் சுற்றிக்கொண்டு, பாலிங் சாலையில் திரும்பியது. கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுகந்தினி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள்.

லோகேஸ்வரன் சாலை நடுவில் நின்றார். விரித்த கைகளை இறக்க அவருக்கு நினைவு வரவில்லை. விரல்கள் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

தாரா டேப்லட்டோடு அவரிடம் வந்தாள். முதலில் அவர் கைகளைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள்.

"சார்," என்றாள், "இதுக்குப் பதிவு பண்ணிட்டீங்களா?"